பொழுது அறியாக் கருவி

அகத்திணைக்கு முதற்பொருள் எவையெனக் கூறப் புகுந்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் இணையாக வைத்தார். கருப்பொருளும் உரிப்பொருளும் அவ்விரண்டன் மேல் நிற்பன. எங்கு நிகழ்ந்தது, எப்பொழுது நிகழ்ந்தது என்பன தெரியாதவிடத்து, என்ன நிகழ்ந்தது என உரைக்கப் புகுதல் அடித்தளமின்றிச் சுவர் எழுப்புதலை ஒக்கும். பெயர்ச்சொல் காலங் காட்டாது, வினைச்சொல்லே காலங் காட்டும் என்பதும் அவ்வாசான் வகுத்த இலக்கணமே. ஒரு பொருளின் பெயரை அறிந்தால் போதாது. அது செய்த வினையை அறியப் பொழுது வேண்டும்.

இந்நெறி பாட்டின் எல்லையோடு நின்றுவிடுவதன்று. சப்பான் நாட்டில், மலையின் அடியில், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீர்த்தொட்டி அமைத்து விண்ணை நோக்கிய அறிவியலார், 1980-களில் பட்டறிந்து கற்ற பாடமும் இதுவே. அப்பாடத்தின் ஒரு பாதி வெற்றியால் வந்தது. மறுபாதி இழப்பால் வந்தது. இரண்டும் தமிழர் கற்றற்குரியன.

அவர்கள் தேடிய பொருளை உலகம் நியூட்ரினோ என வழங்குகின்றது. தமிழில் அது நுண்ணொதுமி. நொதுமல் என்பது பகையும் நட்பும் இல்லாத அயன்மை. நொதுமலர் என்னும் சொல் பழந்தமிழ் கற்றார் அனைவரும் அறிந்தது. நேர்மின்னும் எதிர்மின்னும் இல்லாது அணுவின் கருவுள் இருக்கும் துகள் நொதுமி; அதனினும் பன்மடங்கு நுண்ணியதும் மின்னில்லாததுமான துகள் நுண்ணொதுமி. நியூட்ரினோ என்னும் பெயர் எவ்வாறு பிறந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1930-இல் பவுலி என்னும் அறிவியலார் இத்துகள் இருத்தல் வேண்டுமெனக் கருதியுரைத்தார். பின்னர் இத்தாலியரான பெர்மியும் அவர் குழுவினரும் தம் தாய்மொழியின் சிறுமைப் பொருள் விகுதியைச் சேர்த்து, 'சிறு நொதுமி' என்னும் பொருள்பட அப்பெயரை இட்டனர். உலகம் இன்று வழங்கும் அச்சொல், தம் மொழியை நம்பிய அறிவியலார் தம் மொழியில் ஆக்கிய சொல்லேயாகும்.

கதிரவனிலிருந்து மட்டும் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 6,500 கோடி நுண்ணொதுமிகள் ஒரு விரல்நுனி அளவான இடத்தின் வழியே பாய்கின்றன. அவை உடலையும் மலையையும் இந்நிலவுருண்டையையும் ஊடுருவிச் செல்கின்றன; எதனோடும் பொருந்துவதில்லை, எதனையும் பகைப்பதில்லை. கோடானுகோடியில் ஒன்று எப்பொழுதேனும் ஓர் அணுவின்மேல் மோதும். அந்த ஒன்றைப் பிடிப்பதற்கே அறிவியலார் மலையடியிலும் சுரங்கத்திலும் தவங்கிடக்கின்றனர்.

அத்துகள் முதன்முதலில் பிடிபட்டதே பொழுதின் துணையால்தான். 1956-இல் அமெரிக்காவின் சவன்னா ஆற்றங்கரை அணுவுலையருகே இரைனசு, கோவன் என்னும் இருவர் அதனை மெய்ப்பித்தனர். அணுவுலையிலிருந்து வரும் எதிர்நுண்ணொதுமி நீரிலுள்ள நேர்மின்துகளைத் தாக்கினால் இரு விளைவுகள் உண்டாகும். உடனே ஓர் ஒளித்தெறிப்பு எழும். அத்தாக்குதலில் விடுபட்ட நொதுமி சிறிது அலைந்து, காட்மியம் என்னும் மாழையின் அணுவிற் சிக்கும்பொழுது இரண்டாம் தெறிப்பு எழும். இரண்டுக்கும் இடைப்பட்ட பொழுது, நொடியைப் பத்து நூறாயிரமாகக் கூறிட்டால் அதில் ஒரு சில கூறுகளே. தனித்தெழும் தெறிப்பு எதனாலும் நிகழலாம். இவ்வளவு இடைவெளியில் இணையாக எழுபவற்றையே அவர்கள் கணக்கிற் கொண்டனர். கள்வனை முகத்தால் அறியாது காலடி ஓசையின் இடைவெளியால் அறிந்ததை ஒத்தது அச்செயல்.

இதற்கு மாறான வழியும் ஒன்றிருந்தது. அமெரிக்கத் தென்டக்கோட்டாவின் பொற்சுரங்கம் ஒன்றில் இரேமண்டு தேவிசு என்பார், துணி வெளுக்கப் பயன்படும் குளோரின் நீர்மத்தை ஏறத்தாழ 600 டன் அளவில் தேக்கிவைத்தார். கதிரவனின் நுண்ணொதுமி தாக்கிய குளோரின் அணு ஆர்கான் அணுவாக மாறும். பல கிழமைகள் விட்டு அவ்வணுக்களைப் பிரித்தெடுத்து எண்ணுவது அவர் முறை. எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது என்னும் அவருடைய முடிவு அறிவியலுலகைப் பல்லாண்டு அலைக்கழித்தது. அரிய உழைப்பு அது, ஐயமில்லை. ஆயினும் அவ்வணுக்கள் எந்நாளில், எந்நொடியில், எத்திசையிலிருந்து வந்த தாக்குதலால் பிறந்தன என்பதனை அத்தொட்டி சொல்லமாட்டாது. அது பெயரைச் சொல்லும், வினையைச் சொல்லாது.

சப்பானின் காமியோக்காச் சுரங்கத்தில் மசத்தோசி கோசிபா என்னும் பேராசிரியர் தலைமையில் 1983-இல் இயங்கத் தொடங்கிய கருவியும் முதலில் ஒருவகையில் அரைக்கருவியே. 3,000 டன் தூயநீர் நிறைந்த தொட்டி. அதன் உட்சுவரெங்கும் 20 விரற்கடை விட்டமுள்ள 1,000 ஒளிபெருக்கிக் குழல்கள். நீரில் ஒளி செல்லும் விரைவினும் மிகுந்த விரைவொடு ஒரு மின்துகள் பாயுமாயின், அதனைச் சூழ்ந்து கூம்பு வடிவில் நீலவொளி எழும். அதனைச் செரன்கோவ் ஒளி என்பர். அவ்வொளி சுவரில் வளையமாய் விழும்; குழல்கள் அதனை வாங்கி மின்துடிப்பாக்கும். அணுக்கருவின் நேர்மின்துகள் தானே சிதையுமா என்று காண்பதே அக்கருவியின் முதல் நோக்கம். அச்சிதைவு நிகழின் எழும் ஒளி பெரிது. பல குழல்கள் அதனைக் காணும். எக்குழலில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதொன்றே அதற்குப் போதுமெனக் கருதினர். ஆதலின் எக்குழலில் எப்பொழுது ஒளி விழுந்தது என்பதனைக் குழல்தோறும் பதிய வழிசெய்யவில்லை.

எதிர்பார்த்த சிதைவு தென்படவில்லை. கோசிபா சோர்ந்தாரல்லர், கதிரவனின் நுண்ணொதுமியை இதே தொட்டியிற் காணலாமே என்று எண்ணினார். இங்கேதான் பொழுதின் இன்றியமையாமை தோன்றிற்று. கதிரவ நுண்ணொதுமி தாக்கிய எதிர்மின்னி எழுப்பும் ஒளி மிகச் சிறிது. ஆயிரம் குழல்களில் 25 அளவிலேயே ஒளி படும். அவ்வளவு மங்கிய ஒளியின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு, அது தொட்டியின் நடுவிற் பிறந்ததா, சுவரின் ஓரத்திற் பிறந்ததா என்று சொல்லல் அரிது. சுவரிலும் பாறையிலும் உள்ள கதிர்வீச்சுப் பொருள்கள் ஓயாது பொய்யொளி எழுப்பிக்கொண்டிருக்கும். மெய்யைப் பொய்யினின்று பிரிக்க, ஒளி பிறந்த இடம் தெரிதல் வேண்டும்.

இடத்தைக் காட்டுவது பொழுதே. நள்ளிரவில் ஊரில் எங்கோ பறை முழங்கியதாக வைத்துக்கொள்வோம். அவ்வொலி கீழைத்தெருவில் முதலில் கேட்டது, நடுத்தெருவில் சற்றுப் பின்னர்க் கேட்டது, மேலைத்தெருவில் கடைசியாகக் கேட்டது என்பனவற்றை நொடிப் பிசகின்றிக் குறித்து வைத்தால், பறை எங்கு முழங்கிற்று என விடிந்தபின் கணக்கிட்டுக் கூறலாம். தொட்டியில் ஒளிக்கும் அதுவே வழி. நொடியை நூறு கோடியாகக் கூறிட்டதில் ஒரு கூற்றை நுண்ணொடி என்று கொண்டால், நீரில் ஒளி ஒரு நுண்ணொடியில் ஏறத்தாழ 22 நூற்றுக்கூறு மீட்டர், ஒரு சாணளவு, செல்லும். தொட்டியின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்ல ஏறத்தாழ 70 நுண்ணொடி ஆகும். குழல்கள் ஒளி வாங்கிய பொழுதுகளின் வேறுபாட்டைக் கொண்டு, ஒளி பிறந்த இடமும் அது பாய்ந்த திசையும் அறியலாம். நிலத்தை அறியப் பொழுதே கருவியாயிற்று.

இதற்கென அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் துணைநின்றனர். ஒவ்வொரு குழலிலும் ஒளியின் அளவோடு பொழுதையும் பதியும் மின்னணுப் பொறியமைப்பை அவர்கள் கொணர்ந்தனர். தொட்டியைச் சுற்றி மற்றொரு நீர்ச்சூழல் அமைந்தது. நீரில் கரைந்திருந்த கதிர்வீச்சுப் பொருள்கள் அரித்து நீக்கப்பட்டன. சுரங்கக் காற்று நீரைத் தீண்டாவாறு தொட்டி மூடப்பெற்றது. 1986-இன் இறுதிக்குள் இப்பணிகள் நிறைவுற்று, 1987-இன் தொடக்கத்தில் கருவி ஒருப்பட்டு நின்றது.

அவ்வாண்டு பிப்பிரவரித் திங்கள் 23-ஆம் நாள், திருவள்ளுவர் ஆண்டு 2018, சப்பானில் மாலை 4 மணி 35 மணித்துளி. ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், பெரிய மகெல்லன் முகில் எனப்படும் விண்மீன் திரளில் வெடித்த ஒரு பெருமீனின் நுண்ணொதுமிகள் இந்நிலவுலகை ஊடுருவிச் சென்றன. காமியோக்காத் தொட்டியில் பதினொரு தாக்குதல்கள் பதிவாயின. முதல் இரண்டு நொடிக்குள் எட்டு, பின்னர் ஏழு நொடி அமைதி, அதன்பின் மூன்று. பதின்மூன்று நொடிக்குள் அனைத்தும் முடிந்தன. ஞாயிற்றுக் குடும்பத்திற்கு அப்பாலிருந்து வந்த நுண்ணொதுமியை மாந்தன் கண்டது அதுவே முதன்முறை. கோசிபா ஓய்வுபெற அப்பொழுது ஏறத்தாழ ஒரு திங்களே எஞ்சியிருந்தது. அதன்பொருட்டு 2002-இல் தேவிசோடு நோபல் பரிசிற் பங்குபெற்றார்.

இதனை நற்பேறு என்பர் சிலர். வெடிப்பு நிகழ்ந்தது எவர் முயற்சியாலுமன்று, உண்மை. ஆயின் அச்செய்தி மாந்தன் எழுத்தறியாதிருந்த ஊழியிலேயே புறப்பட்டு வழிநடந்து வந்துகொண்டிருந்தது. பொழுதைப் பதியும் பொறியை, இன்று தேவையில்லை, நாளைக்கு ஆகட்டும் என்று ஓராண்டு தள்ளிப்போட்டிருப்பின், அப்பதினொரு தாக்குதல்களை அவ்வளவு தெளிவாகப் பிரித்துக்காட்டல் இயன்றிராது. விருந்து வருமுன் விளக்கேற்றி வைத்தவர்க்கே விருந்தினர் முகம் தெரிந்தது.

அப்பொழுதுக் குறிப்புகள் தந்த பயன் பெரிது. பெருமீனின் நடுக்கரு இடிந்து ஒடுங்கியபின், நுண்ணொதுமிகள் ஒரே கணத்தில் வெளியேறிவிடாது, அடர்ந்த பொருளிடையே நொடிக்கணக்கிற் சிக்கித் தவித்து வெளிப்படும் என்று கருத்தியலார் கூறியிருந்ததைப் பத்து நொடிக்கு மேல் நீண்ட அவ்வரிசை மெய்ப்பித்தது. ஆற்றல் மிக்கனவும் குறைந்தனவும் அத்தனை தொலைவைக் கடந்தும் சில நொடிகளுக்குள் ஒருங்கே வந்தமையால், நுண்ணொதுமியின் எடை மிகமிகச் சிறிதாகவே இருத்தல் வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. எடை மிகுதியாயின் ஆற்றல் குறைந்தவை பிந்தி வந்திருக்கும். இத்தொட்டியில் எழுந்த ஒளியின் திசையைக் கொண்டு, இந்நுண்ணொதுமிகள் கதிரவனிலிருந்தே வருகின்றன என்பதனையும் 1989-இல் அவர்கள் காட்டினர்.

இனி இழப்பைக் காண்போம். பொழுது இருவகைத்து. தொட்டிக்குள் ஒரு குழலுக்கும் மற்றொரு குழலுக்கும், ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட பொழுது ஒன்று. உலகோர் அனைவர்க்கும் பொதுவாகிய பொழுது மற்றொன்று. காமியோக்காவார் முன்னதைச் செவ்வையாகப் பதிந்தனர், பின்னதிற் கோட்டைவிட்டனர். அவர்கள் மணிப்பொறி உலகப் பொதுப்பொழுதோடு நுணுக்கமாக இணைக்கப்பெறவில்லை. அது ஒரு மணித்துளி முந்தியும் இருக்கலாம், பிந்தியும் இருக்கலாம். பின்னராவது ஒப்பிட்டுத் திருத்தலாமெனில், அவ்வொப்பீடு செய்யுமுன் பிப்பிரவரி 25-ஆம் நாள் சுரங்கத்தில் மின்னோட்டம் திடுமென அற்றுப்போயிற்று. பொறியின் பிசகை அறியும் நேர்வழியும் அதனோடு அற்றது.

அதே வேளையில் அமெரிக்க ஒகையோவில் உப்புச் சுரங்கத்திலிருந்த வேறொரு நீர்த்தொட்டி எட்டுத் தாக்குதல்களைப் பதிந்தது. அங்கு மின்வழங்கியொன்று பழுதுற்றுக் குழல்களில் காற்பங்கு இயங்காதிருந்தும், அதன் மணிப்பொறி உலகப் பொழுதோடு நொடியின் இருபதில் ஒரு கூறளவு பிசகுக்குள் பொருந்தியிருந்தது. உருசியாவின் காக்கசு மலைப் பக்கான் நிலையத்தில் ஐந்து தாக்குதல்கள் பதிவாயின. அந்நிலைய மணிப்பொறியின் பிசகும் ஒரு மணித்துளியை நெருங்கிற்று. நுண்ணொதுமி இந்நிலவுருண்டையின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற ஆகும் பொழுது நொடியின் நூறில் நான்கு கூறளவே. மூன்று மணிப்பொறிகளும் ஒத்திருந்தால், எங்கு முதலில் வந்தது, எங்குப் பின்னர் வந்தது என்று ஒப்புநோக்கியிருக்கலாம். மூன்று பதிவுகளையும் ஒரே வரிசையாகக் கோத்திருக்கலாம். அவ்வாய்ப்பு அழிந்தது. மூன்றன் முதல் தாக்குதலும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன எனக் கற்பித்துக்கொண்டே இன்றுவரை அறிவியலார் கணக்கிடுகின்றனர். வெறுங்கண்ணுக்குத் தெரியுமளவு அண்மையில் அத்தகைய வெடிப்பு அதன்பின் இன்றுவரை நிகழவில்லை.

பொழுதைப் பிழைபடப் பதிதல் பதியாமையினும் கேடு என்பதனை மற்றொரு நிகழ்ச்சி காட்டிற்று. 2011-இல், செனீவாவின் செர்ன் நிலையத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியக் கிரான் சாசோ மலைக்கு விடுத்த நுண்ணொதுமிகள் ஒளியினும் 60 நுண்ணொடி முந்தி வந்தன என்று ஓப்பரா என்னும் ஆய்வுக் குழுவினர் அறிவித்தனர். ஐன்சுடைனின் கொள்கை தகர்ந்தது என உலகமே ஆர்ப்பரித்தது. 2012-இல், பொழுதைக் கொணர்ந்த கண்ணாடியிழை வடமொன்றின் முனை முற்றப் பொருந்தாதிருந்தமை வெளிப்பட்டது. அறிவிப்பு கைவிடப்பட்டது. ஒரு முனை நெகிழ்ந்ததால் எழுந்த ஆரவாரம் அது.

கற்றவர் திருந்தினர். 1996-இல் அதே காமியோக்காவில் இயங்கத் தொடங்கிய 50,000 டன் பெருந்தொட்டி, செயற்கைத் துணைக்கோள்கள் தரும் பொழுதோடு தன் பதிவை இணைத்துக்கொண்டது. இன்று பல நாட்டுத் துகளுணர் கருவிகள் ஒரே பொழுதளவையில் கோக்கப்பெற்று, அடுத்த வெடிப்பை ஒருங்கே எதிர்நோக்கி நிற்கின்றன.

தமிழர்க்கும் இத்துறைக்கும் தொடர்பில்லாமலில்லை. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்த கோலார்ப் பொற்சுரங்கத்தின் ஆழத்தில்தான், காற்றுமண்டலத்திற் பிறக்கும் நுண்ணொதுமியின் தடம் 1965-இல் காணப்பட்டது. தேனி மாவட்டப் பொட்டிப்புரத்து மலையடியில் அமைக்கக் கருதிய 50,000 டன் இரும்புக் கருவியும், துகள் மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்பதனை நுண்ணொடிப் பொழுதைக் கொண்டே பிரித்தறிவதாகும். மக்கள் எதிர்ப்பால் அது இன்றளவும் அமையவில்லை. அம்மலை வழக்கின் நேர்மை தனியே ஆராய்தற்குரியது. ஆயின் ஒன்று தெளிவு. தம் மண்ணைப் பற்றித் தாமே முடிவுசெய்ய வேண்டிய மக்கள், நியூட்ரான், நியூட்ரினோ என்னும் இரு அயலொலிகளுக்கிடையே வேறுபாடு காணாது திகைக்கலாகாது. நொதுமி, நுண்ணொதுமி என்பன பள்ளிப் பருவத்திலேயே நாவிற் பழகியிருப்பின், உடன்படுவாரும் மறுப்பாரும் பொருளறிந்து பேசியிருப்பர். சொல் காலத்தே வரவில்லை, வழக்கு முந்திக்கொண்டது.

சப்பானியர் தம் ஆய்வுரையை உலகுக்கு ஆங்கிலத்தில் விடுத்தனர். ஆயினும் அறிவியலைத் தொடக்கப்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை தம் மொழியிலேயே கற்றனர், கற்பித்தனர். 2008-இல் நோபல் பரிசு பெற்ற மசுகாவா என்னும் துகளியலார் தம் பரிசுரையைச் சப்பானிய மொழியிலேயே நிகழ்த்தினார். அதனால் அவர் அறிவு குறைந்துவிடவில்லை. அந்நாட்டுச் சிறுவனின் நெஞ்சு நிமிர்ந்தது.

தமிழில் சொல் இல்லையென்பது பழைய பொய். இன்றைய குறை வேறு. தமிழ்நாட்டுப் பாடநூலில் எலக்ட்ரான். தனித்தமிழ் நூல்களில் மின்னணு, எதிர்மின்னி, மின்மம். ஈழத்துப் பாடநூலில் இலத்திரன். ஒவ்வோரிடத்தும் உழைப்பு உண்டு; ஒவ்வொருவர் மணிப்பொறியும் தனித்தனியே ஓடுகின்றது. தம் கடிகையைத் தாமே மெச்சிக்கொண்டு, அடுத்தவர் கடிகையோடு ஒப்பிடாதிருந்தமையால் காமியோக்காவார் இழந்ததைத் தமிழரும் நாடோறும் இழந்து வருகின்றனர். யாழ்ப்பாணத்து மாணவன் எழுதியது மதுரை மாணவனுக்கு விளங்காது. மதுரையில் ஆக்கியது கோலாலம்பூருக்கு எட்டாது. தனித்தமிழ் அன்பரும் இக்குற்றத்திற்கு விலக்கல்லர். தாம் ஆக்கிய சொல்லே நிலைபெற வேண்டுமென்னும் பற்று, தமிழ்ப்பற்று ஆகாது.

ஆகவே செய்யத்தக்கன இரண்டு. புதுப்பொருள் வந்து வாயிலில் நின்றபின் சொல் தேடி அலையாது, அறிவியல் நூல்களை இன்றே பயின்று சொற்களைக் காலத்தே ஆக்குதல் ஒன்று. ஆக்கிய சொற்களைத் தமிழகம், ஈழம், மலேசியம், சிங்கை எங்கும் ஒருங்கே ஒப்புநோக்கி, சிறந்ததொன்றைத் தேர்ந்து, அது எவர் ஆக்கியதாயினும் அனைவரும் வழங்குதல் மற்றொன்று. முன்னது தொட்டிக்குள் பொழுதைப் பதிதல்; பின்னது உலகப் பொழுதோடு இணைத்தல். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுவார்க்குக் காமியோக்காவின் அந்த ஒரு மணித்துளி எச்சரிக்கையாக நிற்கின்றது.

காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். அதனை மேடையில் முழங்குவதற்கு ஆள் பலர் உளர். சொற்பட்டியலை விரித்துவைத்து, ஈழத்து நூலையும் தமிழக நூலையும் பக்கம்பக்கமாக ஒப்பிட்டுத் திருத்த அமர்பவர் சிலரே. அச்சிலர் பலராகுக! அடுத்த விண்மீன் எந்நாள் வெடிக்கும் என்று எவரும் அறியார். அன்று தமிழ்ச்சிறுவன் அச்செய்தியைத் தன் மொழியிற் கேட்டறியும் வகையில், மணிப்பொறிகளை இன்றே ஒருங்கிணைத்து வைப்போர் வெல்க!